கடிதத்தோடு போன கட்டுரை

மேற்படிப்பு என்றதும் நம் பிள்ளைகள் விண்ணப்பப் பாரத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது தேடியது ஆசிரியரை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலரின் ஆய்வைப் படித்தார். தானும் ஒரு கட்டுரை எழுதி 1929-இல் அவருக்கே அனுப்பினார். அப்போது வயது 18தான்! ஃபௌலர் திருத்தம் சொல்லி, லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவரச் செய்தார்.

மறு ஆண்டு அரசாங்க உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால், வீட்டில் தாயார் சீதாலட்சுமி கடும் நோயில் கிடந்தார். எந்தப் பாரத்திலும் இதற்குக் கட்டம் இல்லை. போய்ப் படி என்று அனுப்பி வைத்தவர் அந்தத் தாயார்தான். 1930 ஜூலை 31-இல் பம்பாயில் கப்பலேறினார். ஃபௌலரின் மாணவராகவே சேர்ந்து, 1933-இல் முனைவரானார். தாயார் 1931 மே மாதமே காலமாகியிருந்தார்.