எட்டு போட்டா லைசென்ஸு, அப்புறம்?

லைசென்ஸ் எடுத்தவங்க எல்லாருக்கும் அந்த எட்டு ஞாபகம் இருக்கும். நான் எடுத்தது 2015ல. மண் கிரவுண்டு, தரையில எட்டு மாதிரி ஒரு தடம், கால் ஊனாம ஒரு சுத்து. அவ்ளோதான் பரீட்சை. எனக்கு முன்னாடி நின்ன ஒரு அண்ணன் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தினமும் லோடு அடிக்கிறவர். கால் ஊனிட்டார், ஃபெயில். அதுவரைக்கும் மெயின் ரோட்டுல ஒரு தடவை கூட ஓட்டாத நான் பாஸ். அன்னைக்கு சிரிச்சேன். மூணு வருஷம் கழிச்சுதான் அதுல சிரிக்க ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுது.

சட்டப் புத்தகத்துல பட்டியல் நீளமாதான் இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல கியர் மாத்துறது, சிக்னல் காட்டுறது, ஓவர்டேக் பண்றதுன்னு வரிசையா பரிசோதிக்கச் சொல்லியிருக்காங்க. கிரவுண்டுல எட்டு மட்டும் மிஞ்சிப் போச்சு. எட்டு என்ன சொல்லுது? வண்டியை விழாம மெதுவா திருப்ப இவனுக்குத் தெரியும்னு சொல்லுது. அடுத்த ரெண்டு வினாடியில ரோட்டுல என்ன நடக்கும்னு இவனுக்குத் தெரியுமான்னு அது கேக்கவே இல்ல.

இந்தக் கேள்வியை யாராவது எப்பவாவது கேட்டிருக்காங்களான்னு தேடிட்டுப் போனதுலதான் இந்தப் பதிவு. (ஆபீஸ்ல பில்டு ஓடிட்டு இருந்த நேரத்துல தேடினேன். மேனேஜர் தமிழ் படிக்க மாட்டார், பயமில்ல.)

கதை 1935ல இங்கிலாந்துல ஆரம்பிக்குது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பாத்திருப்பீங்க, படமே அவர் பைக்ல போய் விழறதுலதான் ஆரம்பிக்கும். நிஜத்துலயும் அப்படித்தான். மே 13, டார்செட் பக்கம் ஒரு கிராமத்து ரோடு. டி.ஈ.லாரன்ஸ் தன்னோட பிரஃப் சுப்பீரியர் பைக்ல வீட்டுக்குத் திரும்பிட்டிருக்கார். ரோடு ஒரு இடத்துல பள்ளமா இறங்கி ஏறுது. அந்தப் பள்ளத்துக்குள்ள ரெண்டு பசங்க சைக்கிள்ல. மேட்டுல இருந்து பாத்தா அவங்க தெரிய மாட்டாங்க. தெரிஞ்சப்போ நேரம் இல்ல. ஒடிச்சார், தூக்கி எறியப்பட்டார், ஆறு நாள் நினைவில்லாம இருந்து மே 19ல இறந்தார். வயசு 46.

அவரைப் பாத்த டாக்டர்கள்ல ஒருத்தர் ஹியூ கெய்ன்ஸ். ஆஸ்திரேலியால பிறந்த மூளை அறுவை சிகிச்சை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவே இல்ல. இரண்டாம் உலகப் போர் வந்தப்போ, தகவல் கொண்டு போற ராணுவ பைக்காரங்க எதிரி குண்டை விட ரோட்டுல தலை அடிபட்டு நிறைய பேர் வர்றதைப் பாத்தார். 1941ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரை எழுதினார். போர் தொடங்கின முதல் 21 மாசத்துல மட்டும் பைக் ஓட்டினவங்க, பின்னாடி உட்கார்ந்தவங்கன்னு 2,279 பேர் ரோட்டுல செத்திருந்தாங்க. ஹெல்மெட்டோட விழுந்து அவர் கைக்கு வந்தது ஏழே கேஸ், ஏழு பேரும் பிழைச்சவங்க. அதே வருஷம் நவம்பர்ல ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயம் ஆக்கிச்சு. சாதாரண ஜனங்களுக்கு சட்டம் வர 1973 ஜூன் 1 ஆச்சு. நம்ம தமிழ்நாட்டுல 2007ல கட்டாயம்னு அறிவிச்சாங்களே, அதுவும் ஜூன் 1தான். சும்மா ஒரு தகவல்.

லாரன்ஸ் விபத்துல ரெண்டு பாடம் இருந்துச்சு. ஒண்ணு, தலையில அடிபட்டா சாவு. இன்னொண்ணு, பள்ளத்துக்குள்ள ஆள் இருக்கலாம்னு மேட்டுலயே நெனச்சிருக்கணும். முதல் பாடத்தை டாக்டர் எடுத்துக்கிட்டார், அதுல இருந்து சட்டம், ஃபைன், ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் வந்துச்சு. ரெண்டாவது பாடத்தை யார் எடுத்துக்கிட்டாங்க?

போலீஸ்காரங்க. அதுவும் அதே காலத்துல. 1930கள்ல லண்டன் போலீஸ் வண்டிகளே ஊருக்கு முன்னாடி மோதிக்கிட்டு இருந்துச்சு. ஹெண்டன்ல ஓட்டுநர் பள்ளி ஆரம்பிச்சாங்க. காட்டன்ஹாம் பிரபுன்னு ஒரு ரேஸ்காரரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் வகுத்த முறைக்குப் பேரே 'சிஸ்டம்'தான். அது பிற்பாடு 'ரோட்கிராஃப்ட்'னு புத்தகமா 1955ல வெளிய வந்துச்சு. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஓட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டுற பயிற்சி. "இடது பக்கம் பஸ் நிக்குது, இறங்கினவர் முன்னாடி வரலாம், வேகம் குறைக்கிறேன், வலது பக்கம் சந்து..." இப்படி. பாக்குறதைச் சொல்லச் சொன்னா, பாக்காததைச் சொல்ல முடியாது. மாட்டிப்பீங்க. கோடுல ஒவ்வொரு அடியிலும் லாக் எழுதுற மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்துச்சு.

அப்பா எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது ஸ்ரீரங்கம் உத்தர வீதியில, பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்ல. பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு முணுமுணுத்துட்டே வருவார். "பஸ் நிக்குதுல்ல, அதுக்கு முன்னாடி ஒரு ஆளு இருக்கார்னு வெச்சுக்க." "ஆட்டோக்காரர் இண்டிகேட்டரைப் பாக்காத, தலையைப் பாரு. தலை திரும்பினா வண்டி திரும்பும்." "பந்து உருண்டு வந்தா பின்னாடியே புள்ள வரும்." "மாடு ஒதுங்கும்டா, கன்னுக்குட்டி ஒதுங்காது." எரிச்சலா வரும். காட்டன்ஹாம் பேரை அவர் கேள்விப்பட்டிருக்க சான்ஸே இல்ல. கோயிலைச் சுத்தி இருக்கிற வீதிகள்ல முப்பது வருஷம் ஓட்டினதுல தானா வந்தது.

அப்பா தலைமுறைக்கு நடந்ததை யோசிச்சுப் பாருங்க. திருச்சி மாதிரி ஊர்ல சைக்கிள்தான் வண்டி. 1980ல ஓசூர்ல டிவிஎஸ் 50 வந்துச்சு, ரெண்டு பேர் உட்காரலாம். பூக்கூடை, வாழை இலைக் கட்டு, பால் கேன் எல்லாம் அதுல ஏறிச்சு. 1985ல ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100. அஞ்சே வருஷத்துல சைக்கிள் வேகத்துக்குப் பழகின கண்ணு எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குத் தாவிடுச்சு. ரோடு அதே ரோடு, சந்து அதே சந்து. பள்ளிக்கூடம் ஒண்ணும் இல்ல. அப்பாவும் மாமாவும்தான் வாத்தியார்.

அது நமக்கு மட்டும் இல்லையாம். அமெரிக்காவுல ஹாரி ஹர்ட்னு ஒரு பேராசிரியர், லாஸ் ஏஞ்சலஸ்ல 900க்கு மேல பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ச்சி பண்ணி 1981ல ரிப்போர்ட் குடுத்தார். விபத்துல சிக்கினவங்கள்ல 92 சதவீதம் பேர் தானா கத்துக்கிட்டவங்க, இல்லேன்னா வீட்டு ஆளுங்க, நண்பர்கள்கிட்ட கத்துக்கிட்டவங்க. காரும் பைக்கும் மோதினதுல மூணுல ரெண்டு பங்கு, கார்க்காரர் பைக்குக்கு வழி விடாம குறுக்க வந்தது. அவங்க சொன்ன பதில் பெரும்பாலும் ஒண்ணுதான்: "பாக்கலையே." ஆபத்து ஆரம்பிச்சதுல இருந்து மோதல் வரைக்கும் ஓட்டுறவனுக்குக் கிடைச்ச நேரம் ரெண்டு வினாடிக்கும் குறைவு.

ரெண்டு வினாடின்னா 40 கிலோமீட்டர் வேகத்துல 22 மீட்டர். அதுக்குள்ள கண்ணு பாக்கணும், மூளை நம்பணும், கை பிரேக்கைப் பிடிக்கணும், டயர் நிறுத்தணும். முன்கூட்டியே நெனச்சு வெச்சவனுக்கு மட்டும்தான் அது போதும்.

2018 ஆகஸ்ட். மேட்டூர் நிறைஞ்சு காவிரியில ரெண்டு கரையும் தொட்டு தண்ணி போச்சு. திருச்சிக்காரங்களுக்குத் தெரியும், தண்ணி வந்தா காவிரிப் பாலத்துல என்ன நடக்கும்னு. பாதி ஊர் வண்டியை ஓரமா நிறுத்திட்டு கைப்பிடியைப் பிடிச்சு நிக்கும். 1976ல கட்டின பாலம், 541 மீட்டர், 40ல போனா 49 வினாடி. அந்த 49 வினாடியில நான் எத்தனை வினாடி ரோட்டைப் பாத்தேன்னு சொல்ல முடியாது. அம்மா பின்னாடி உட்கார்ந்து "எவ்ளோ தண்ணி பாருடா"ன்னாங்க. பாத்தேன். பாலம் இறங்கி மாம்பழச்சாலையில பஸ் நின்னுட்டு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்து ஒரு பெரியவர் வந்தார்.

அப்பா ஆயிரம் தடவை சொன்ன அதே பஸ், அதே ஆள்.

பின் பிரேக்கை மட்டும் மிதிச்சேன். சக்கரம் லாக் ஆகி வழுக்கிச்சு. பெரியவருக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு முட்டியில சிராய்ப்பு, அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைஞ்சுது. தலையில ஹெல்மெட் என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. அம்மா இன்னைக்கும் அந்தக் கையால தோசைக்கல்லைத் தூக்க மாட்டாங்க.

ஏன் பின் பிரேக் மட்டும்? அதுவும் அப்பா பாடம்தான். "முன் பிரேக்கைத் தொடாத, தூக்கி அடிச்சிரும்." தமிழ்நாட்டுல பாதிப் பேருக்கு இந்த உபதேசம் கிடைச்சிருக்கும். ஹர்ட் ரிப்போர்ட்ல இதையும் எழுதி வெச்சிருக்கார்: விபத்துல சிக்கினவங்க பின் பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடிச்சு வழுக்கினாங்க, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கல. நிறுத்துற சக்தியில பெரும் பங்கு முன்சக்கரத்துலதான், ஏன்னா பிரேக் போட்டா எடை முன்னாடி போகுது. வீட்டுப் பள்ளிக்கூடத்துல நல்ல பாடமும் கெட்ட பாடமும் ஒரே குரல்ல, ஒரே பாசத்தோட வருது. எது எதுன்னு விழுந்தாதான் தெரியுது. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசி வரைக்கும் உள்ள புது வண்டிகள்ல சிபிஎஸ் கட்டாயம் ஆச்சு (சிலதுல ஏபிஎஸ்), பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். நம்மளைத் திருத்த முடியாதுன்னு முடிவு பண்ணி வண்டியைத் திருத்திட்டாங்க!

சட்டத்தோட கதைக்கு வருவோம். 2007ல வந்த கட்டாயம் கொஞ்ச நாள்லயே தளர்ந்து போச்சு. அப்புறம் உயர் நீதிமன்ற உத்தரவுல 2015 ஜூலை 1ல இருந்து மறுபடியும், பின்னாடி உட்கார்றவங்களுக்கும் சேத்து. கடைகள்ல ஹெல்மெட் தீர்ந்து, ரோட்டோரத்துல சட்டி மாதிரி ஒண்ணு வித்துச்சு, ஞாபகம் இருக்கா? நான் லைசென்ஸ் வாங்கின வருஷம், நானும் அந்தச் சட்டி ஒண்ணு வாங்கினேன். ஹெல்மெட்டுக்கு எதிரா நான் பேசல. 2022ல நாடு முழுக்க ரோட்டுல செத்த 1,68,491 பேர்ல 74,897 பேர் இரு சக்கர வண்டிக்காரங்க, ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029. தலை தலைதான்.

ஆனா பாதுகாப்புன்னாலே ஹெல்மெட், ஹெல்மெட்னாலே ஃபைன்னு சுருங்கினா என்ன ஆகும்னு பாத்ததும் எங்க ஊர்தான். 2018 மார்ச் 7, துவாக்குடி பக்கம், திருச்சி-தஞ்சாவூர் ரோடு. ஹெல்மெட் சோதனையில நிக்காமப் போன ஒரு தம்பதியை இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் வண்டியை உதைச்சார்னு புகார். பின்னாடி இருந்த அந்தப் பெண் விழுந்து இறந்து போனாங்க. ஆயிரக்கணக்குல ஜனங்க ராத்திரி ரோட்டுல உட்கார்ந்தாங்க. இன்ஸ்பெக்டர் கைதானார். தலையைக் காப்பாத்த வந்த சட்டத்தைச் சொல்லி ஓடுற வண்டியைத் துரத்தினா, பின்னாடி உட்கார்ந்தவங்க கதி என்ன ஆகும்? அடுத்த ரெண்டு வினாடியை யோசிக்கிறது ஓட்டுறவனுக்கு மட்டும் உள்ள வேலையா என்ன?

அதே 2018ல முன்யோசனைக்கும் ஒரு உதாரணம் நடந்துச்சு. 1928ல கட்டின கொள்ளிடம் இரும்புப் பாலம், ஆகஸ்ட் வெள்ளத்துல தூண் சரிஞ்சு விழுந்துச்சு. ஒரு வண்டியும் அதுமேல இல்ல. 2016லயே பக்கத்துல புதுப் பாலம் திறந்து போக்குவரத்தை மாத்தியாச்சு. யாரும் சாகாததால அந்த முடிவை எடுத்தவங்களுக்கு யாரும் மாலை போடல.

பிரிட்டன்ல 2002 நவம்பர்ல லைசென்ஸ் பரீட்சையில ஒரு புதுப் பகுதி சேத்தாங்க. ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் மாதிரி ஓடுற 14 வீடியோ. ரோடு ஓடிட்டே இருக்கும். ஆபத்து உருவாக ஆரம்பிக்கிறப்பவே கிளிக் பண்ணணும். எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ மார்க், ஒரு ஆபத்துக்கு அதிகபட்சம் 5. மொத்தம் 15 ஆபத்து, 75க்கு 44 எடுத்தா பாஸ். லாரன்ஸ் செத்து 67 வருஷம் கழிச்சு ரெண்டாவது பாடம் பரீட்சைக்கு வந்துச்சு. அந்த மாதிரி வீடியோ சிலது நெட்ல இருக்கு, போட்டுப் பாத்தேன். சுத்தமான ரோடு, வரிசையா கார், எங்கயோ ஒரு சைக்கிள். எனக்கு நல்ல மார்க்தான். அப்பாவை உட்கார வெச்சேன். பத்து வினாடிக்குள்ள எட்டு தடவை கிளிக் பண்ணிட்டார். கண்டபடி கிளிக் பண்ணினா அந்த கிளிப்புக்கு பூஜ்யம்னு விதி, ஸ்கோர் வரல. "என்னப்பா?"ன்னேன். "அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கு, அந்தக் கார் சக்கரம் திரும்பியிருக்கு, அந்தப் பொம்பளை பை கனமா வெச்சிருக்கு, கடக்கும்போது நடுவுல நிப்பாங்க"ன்னு வரிசையா சொன்னார். வெள்ளைக்காரன் சாஃப்ட்வேர் அவரை ஏமாத்துக்காரர்னு முடிவு பண்ணிருச்சு. ஹி ஹி.

நம்ம ஊர் ரோட்டை எடுத்து இப்படி ஒரு பரீட்சை பண்ணலாம். காந்தி மார்க்கெட், மெயின்கார்டு கேட், வைகுண்ட ஏகாதசி அன்னைக்கு ராஜகோபுரத்து முன்னாடி, அம்மா மண்டபம் ரோடு. கேமரா வெச்சா ஒரே நாள்ல ஆயிரம் கேள்வி கிடைக்கும். ஒரு ஆப் எழுதலாம்னு ஆரம்பிச்சு ஏழு கிளிப் வெட்டி வெச்சிருக்கேன். அப்பாதான் ஆன்சர் கீ.

காவிரிப் பாலத்தை 2022 நவம்பர்ல மூடி, ஜாயின்ட்டு, பேரிங் எல்லாம் சரி பண்ணி 2023 மார்ச்ல திறந்தாங்க. அந்த மாசங்கள்ல பைபாஸ் வழியா சுத்திக்கிட்டு இருந்தோம். முன்னாடி அந்தப் பாலத்துல எந்த ஜாயின்ட் தூக்கிப் போடும்னு தினமும் போறவங்களுக்கு மனப்பாடம், வெளியூர்க்காரங்க மட்டும்தான் குதிப்பாங்க. இப்போ வழவழன்னு இருக்கு. திறந்த வாரம் அப்பாவைப் பின்னாடி உட்கார வெச்சுப் போனேன். பாதிப் பாலத்துல தோள்ல தட்டினார்.

"மெதுவா. இங்க ஒண்ணு இருக்கும்."

"மாத்திட்டாங்கப்பா, இல்ல."

"சரி, குறைச்சுக்க. முன்னாடி போறவருக்குத் தெரியாதுல்ல, அவர் பிரேக் போடுவார்."

போட்டார்.