ஓலைக் காத்தாடிக்கும் ஒரு வரலாறு உண்டு

அரியக்குடின்னு சொன்ன உடனே நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வர்றது மூணு விஷயம். கச்சேரிப் பைத்தியங்களுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967). பெருமாள் பக்தர்களுக்குத் தென் திருப்பதின்னு பேர் வாங்கின திருவேங்கடமுடையான் கோயில். கல்யாணச் சீர் வாங்கக் கிளம்பினவங்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு. மூணுமே நிலைச்சு நிற்கிற சங்கதி. பாட்டு இசைத்தட்டுல இருக்கு, கோயில் கல்லுல இருக்கு, விளக்கு பித்தளையில இருக்கு.

நான் எழுத வந்தது நிலைச்சு நிற்காத ஒண்ணைப் பத்தி. பனை ஓலை. அதுலயும் பெரியவங்க சாமான் இல்லை. வீட்டுல நண்டுசிண்டு அழுதா அதோட வாயை அடைக்க, பக்கத்துல கிடந்த ஓலைத் துண்டை எடுத்து ரெண்டு நிமிஷத்துல செஞ்சு கொடுத்த காத்தாடி, பாம்பு, கிலுகிலுப்பை, மோதிரம், கைக்கடிகாரம். "இதுக்கெல்லாம் வரலாறா?"ன்னு கேக்குறீங்கதானே? அதான் விஷயமே.

முதல்ல பெரிய மனுஷியைப் பார்த்துட்டு வந்துடுவோம். செட்டிநாட்டு ஓலைக் கொட்டானைப் பத்திக் கேள்விப்படாதவங்க குறைவு. அடிப்பக்கம் சதுரம், வாய் வட்டம். குருத்தோலையை வெயில்ல காயவச்சு, சீராக் கிழிச்சு, கொதிக்கிற சாயத் தண்ணியில முக்கி எடுத்து, பின்னும்போது ஒடியாம இருக்க ஈரம் காயவிடாம வச்சுக்கிட்டே பின்னணும். கல்யாணம், காட்சின்னா தேங்காய், வெத்தலை பாக்கு, பலகாரம் வச்சுக் கொடுக்கிறது இதுலதான். விசேஷக் கொட்டானுக்கு மேல கலர் நூல் பின்னல், மணி வேலை எல்லாம் இருக்கும். வீட்டு ஆண்கள் பர்மா, மலாயா, இலங்கைன்னு கொண்டுவிக்கப் போயிட்டா வருஷக்கணக்கா வரமாட்டாங்க. அவ்வளவு பெரிய வளவு வீட்டுல, மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச பிறகு, ஆச்சிமார் உட்கார்ந்து பின்னினதுதான் இது. கப்பல்ல பர்மாத் தேக்கும் ஐரோப்பாக் கண்ணாடியும் வந்து இறங்கின அதே வீட்டுல, சீர் வைக்கிற கூடை மட்டும் கண்மாய்க்கரை மரத்துல இருந்து வந்துச்சுங்கிறதை யோசிச்சுப் பார்த்தா வேடிக்கையா இருக்கு.

கொட்டானோட பிற்கால வரலாறு ஓரளவு எழுதப்பட்டாச்சு. ஆச்சிமார் கையில அது கிட்டத்தட்ட மறைஞ்சுபோன நிலையில, விசாலாட்சி ராமசாமி 2000-ல் சென்னையில ஆரம்பிச்ச எம்.ஆர்எம்.ஆர்எம். கல்ச்சுரல் பவுண்டேஷன், காரைக்குடி சுத்துவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்குப் பழைய கொட்டான்களைப் பார்த்துப் பின்னக் கத்துக்கொடுத்துச்சு. 2010-களில் புவிசார் குறியீடும் கிடைச்சுது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனா கவனிச்சீங்களா, காப்பாத்தப்பட்டது சீர் வரிசைக்குப் போன சாமான். அது பக்கத்துல உட்கார்ந்து, ஆச்சி கிழிச்சுப் போட்ட மிச்ச ஓலையில பிள்ளை விளையாடின சாமானை யாரும் கணக்குல எடுக்கலை. குப்பைதானே அது, சாயங்காலம் பெருக்கித் தள்ளியாச்சு.

என் கட்சி என்னன்னா, அந்தக் குப்பைதான் பள்ளிக்கூடம். கொட்டானுக்கு வேண்டிய கைவேலை முழுக்க அந்தப் பொம்மைகள்லயே இருக்கு. ஓலை மோதிரம் செய்யும்போது மடிச்சுச் செருகுறது வருது. ரெண்டு பட்டையை மாத்தி மாத்தி மடிச்சுப் பாம்பு செய்யும்போது செங்கோணத்துல மடிப்பு விழுது. நாலு பட்டையில பந்து பின்னினா மேல-கீழ, மேல-கீழன்னு விரல் தானா ஓட ஆரம்பிச்சுடும், போதாக்குறைக்குத் தட்டையா ஆரம்பிச்சதை முப்பரிமாணமா எழுப்பவும் வந்துடும். கொட்டான்ல சதுர அடியில இருந்து வட்ட வாய்க்கு ஏறுறதும் இதே வித்தையோட பெரிய வடிவம்தான். யாரும் பாடத்திட்டம் போட்டுக் கத்துக்கொடுக்கலை. அப்பத்தா பின்ன, பேத்தி பக்கத்துல கிடந்ததை நோண்ட, அப்படியே வந்துச்சு.

அந்தப் பந்து இருக்கே, அது நம்ம ஊர்ச் சொத்து மட்டும் இல்லை. கேரளாவுல தென்னை ஓலையில பந்து பின்னுவாங்க. மலேசியா, இந்தோனேசியாவுல பெருநாளுக்கு அரிசி வச்சு அவிக்கிற கெத்துப்பாட்டோட கூடும் தென்னங்குருத்துல பின்னினதுதான். பனையோ தென்னையோ வளர்ற ஊர்ல எல்லாம் பிள்ளைங்க கை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் யோசிச்சிருக்கு.

சரி, எவ்வளவு பழசு இது? இங்கதான் சிக்கல். ஓலை மட்கிப் போகும். இதே சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில தோண்டினப்போ சுட்ட மண் பொம்மை, பகடை, பாண்டி விளையாடுற மாதிரி வட்டச் சில்லு எல்லாம் கிடைச்சுது. மண்ணைச் சுட்டா ரெண்டாயிரம் வருஷம் தாண்டியும் நிற்கும். அதே தெருவுல ஒரு பிள்ளை ஓலைக் காத்தாடி வச்சிருந்திருந்தா? அடுத்த மழைக்கே போயிருக்கும். அதனால தோண்டி எடுத்ததை மட்டும் வச்சு "அந்தக் காலத்துப் பிள்ளைங்க இதைத்தான் விளையாடுச்சு"ன்னு முடிவு கட்டுறது, பீரோவை மட்டும் பார்த்துட்டு வீட்டுச் சமையலைப் பத்திப் பேசுற மாதிரி.

இலக்கியத்துலயும் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கு. பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகளோட மூணு சக்கரச் சிறுதேர் வருது. குறுந்தொகை 61-ல், தும்பிசேர்கீரன் பாட்டுல, தச்சன் செஞ்சு கொடுத்த சின்னக் குதிரை வண்டியில ஏறிப் போக முடியாட்டியும் கையால இழுத்தே சந்தோஷப்படுற பிள்ளைங்க இருக்காங்க. ரெண்டும் அருமையான காட்சி. ஆனா தேர்னா தச்சன் வேணும், தச்சன்னா கூலி வேணும். காசில்லாத வீட்டுப் பிள்ளை நுங்கு தின்னுட்டுக் கூந்தலை வண்டியாக்கினதுக்குப் புலவர் வரணுமே! பிள்ளைத்தமிழ்ல கொஞ்சம் பரவாயில்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழோட கடைசி மூணு பருவம் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். இதுல சிற்றில்ங்கிறது மணல்ல கட்டுற வீடு. கட்டுறதுக்குக் காசு செலவில்லை, சிதைக்கிறதுக்கும் இல்லை :-) நம்ம இலக்கியத்துல ஒரு பருவத்துக்கே பேர் கொடுத்த விலையில்லாக் கைவேலைன்னா எனக்குத் தெரிஞ்சு அதுதான்.

இதை எல்லாம் படிச்சவங்க எப்போ கவனிச்சாங்கன்னு பார்த்தா, ரொம்பச் சுத்தி வரவேண்டியிருக்கு. ஜெர்மனியில ஃப்ரோபல் 1837-ல் சின்னப் பிள்ளைகளுக்குன்னு ஒரு நிலையம் ஆரம்பிச்சார். 1840-ல் அதுக்குக் கிண்டர்கார்டன்னு பேர் வச்சார். அவர் பிள்ளைகளுக்கு வகுத்த கைவேலைகள்ல காகிதப் பட்டைகளை மேல-கீழ விட்டுப் பாய் மாதிரி பின்னுறதும் ஒண்ணு. பிறகு மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்துல ஊர் திரும்ப முடியாம 1942-ல் இருந்து 1944 வரைக்கும் கொடைக்கானல்ல இருந்து, செடி, கொடி, பூச்சின்னு சுத்தி இருக்கிற இயற்கையை வச்சே பிள்ளைகளுக்குக் கத்துக்கொடுக்கிற முறையை வளர்த்தார். காந்தி 1937-ல் வார்தாவுல கைத்தொழிலை நடுவுல வச்சு ஆதாரக் கல்வின்னார். மூணு பேர் மேலயும் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஃப்ரோபல் வழி வந்த பாலர் பள்ளிகள் வண்ணக் காகிதத்தைக் கிழிச்சுப் பின்னச் சொன்ன காலத்துல, பள்ளிக்கூட வேலிக்கு வெளியே பனை ஓலை சும்மா கிடந்துச்சுங்கிறது மனசை உறுத்தத்தான் செய்யுது. இத்தனைக்கும் அதுக்கு முன்னாடி திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளை எழுத்துப் படிச்ச ஏடே ஓலைதான்.

இப்போ, ஏன் போச்சு? பிளாஸ்டிக் வந்துச்சு, ஓலை போச்சுன்னு ஒரே வரியில சொல்லிடுவாங்க. பாதி உண்மை. எழுபது, எண்பதுகள்ல வயர் கூடை வீட்டுக்கு வீடு புகுந்துச்சு, அது நிஜம். ஆனா வயர் கூடையையும் வீட்டுப் பெண்கள்தானே பின்னினாங்க? கை மறக்கலை, பின்னுற ஆசையும் போகலை. மாறினது சாமான் வர்ற வழி. வயரைக் கடையில வாங்கிடலாம். ஓலைக்கு ஒருத்தர் மரம் ஏறணும்.

என்னைக் கேட்டா மொத்தக் கதையும் அந்த ஏறுற மனுஷர்கிட்டதான் இருக்கு. பனை ஏறக்குறைய மாசத்துக்கு ஒரு ஓலைதான் விடும். குருத்தை எடுக்கிறவருக்குக் கணக்குத் தெரியணும், அளவுக்கு மீறிக் கை வச்சா மரம் போயிடும். கருக்கு மட்டை ரெண்டு பக்கமும் ரம்பம் மாதிரி அறுக்கும். பதநீருக்கும் நுங்குக்கும் ஏறுறவர் இறங்கும்போது நாலு குருத்தையும் போட்டுட்டு இறங்குவார்; ஓலைக்காக மட்டும் தனியா ஏறினா கூலி கட்டுபடியாகாது. 1987-ல் இருந்து கள்ளுக்குத் தடை. கருப்பட்டிக்கு இருந்த இடத்தைச் சீனி பிடிச்சுக்கிச்சு. ஏறுறவர் பிள்ளைங்க வேற வேலைக்குப் போனாங்க, அதைத் தப்புன்னு சொல்ல நமக்கு என்ன யோக்யதை இருக்கு? வருமானம் இல்லாத மரம் செங்கல் சூளைக்கு விறகாப் போச்சு. பனையைத் தமிழ்நாட்டு மாநில மரம்னு 1978-லயே அறிவிச்சாச்சு. வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு வந்தது 2021-ல். நடுவுல நாற்பத்து மூணு வருஷம்!

ஆக, அப்பத்தா-பேத்தி சங்கிலிக்கு முன்னாடி இன்னொரு கண்ணி இருந்திருக்கு. ஆச்சி பின்னின கொட்டான்னு எல்லாரும் எழுதுறோம் (நானும்தான், மேல பாருங்க). அந்த ஓலையை இறக்கினவர் பேர் எந்தக் கொட்டான் புத்தகத்துலயும் என் கண்ணுல படலை.

முழுசா அத்துப்போகலைங்கிறது ஒரு ஆறுதல். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் குருத்தோலைத் தோரணம் கட்டுறவங்க இன்னும் அதுல கிளி மடிக்கிறாங்க. குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு எந்த மாதா கோயிலுக்காவது போய்ப் பாருங்க, பூசை முடியிறதுக்குள்ள பாதிப் பிள்ளைங்க கையில ஓலை சிலுவையாவும் மோதிரமாவும் மாறியிருக்கும். யாரும் வகுப்பு எடுக்கலை, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பெரியம்மா செய்யிறதைப் பார்த்துச் செய்யுதுங்க. கார்த்திகைக்கு மாவலி சுத்துற ஊர்கள்லயும் பனம்பூக் கரியும் பனை மட்டையும் தேடுறாங்க. சாமிக்குன்னு ஒரு தேவை இருக்கிற இடத்துல ஓலையும் பாளையும் எப்படியோ வந்து சேர்ந்துடுது. பிள்ளைக்குன்னு கேட்டாத்தான் கிடைக்கலை. சென்னைப் பக்கம் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவுல செட்டிநாட்டு வீடும் இருக்கு, ஓலைப் பொம்மை செஞ்சு காட்டுறதும் உண்டு. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அளவுக்கு வந்துடுச்சேன்னு ஒரு பக்கம் வருத்தம், அங்கயாவது இருக்கேன்னு ஒரு பக்கம் நிம்மதி.

வரலாறு போதும், வீட்டுல மூணு வயசு வாண்டு இருக்கிற பதிவர்களுக்காகக் கொஞ்சம் செய்முறை.

ரொம்பச் சுலபம் பீப்பி. பூவரசு இலையை ஒரு ஓரத்துல இருந்து சுருட்டி, ஒரு முனையை லேசா நசுக்கி ஊதணும், அவ்வளவுதான். முதல் நாலு இலை காத்துதான் வரும். அஞ்சாவதுல பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். காத்தாடிக்கு ஒரு சாண் நீளத்துல ரெண்டு ஓலைத் துண்டு. கூட்டல் குறி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, நாலு இறக்கையையும் ஒரே பக்கமா லேசா முறுக்கிவிட்டு, நடுவுல கருவேல முள்ளைக் குத்திச் சோளத்தட்டை நுனியில சொருகணும். ஓட்டையைக் கொஞ்சம் தளர்வா விடுங்க, இல்லேன்னா சுத்தாது. முள் வேலை பெரியவங்களோடது. பிள்ளையோட வேலை தூக்கிட்டு ஓடுறது. நுங்கு வண்டிக்கு ரெண்டு கூந்தல், நடுவுல அச்சுக்கு ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. இது ஓட ஆரம்பிச்சா பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுறது உங்க சாமர்த்தியம்.

கிலுகிலுப்பை பின்னுறவங்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே சத்தத்துக்குக் குன்றிமணி போடுற பழக்கம் உண்டு, போடாதீங்க. பார்க்க அழகு, கடிச்சு முழுங்கினா விஷம். சின்னக் கல் போதும், அதுவும் பின்னல் இறுக்கமா இருந்து வெளியே வராதபடி பார்த்துக்கணும். காட்டாமணக்குக் காம்பை ஒடிச்சு அந்தப் பால்ல முட்டை ஊதுறதையும் நம்ம தலைமுறையோட நிறுத்திக்கலாம், அந்தப் பால் வாய்க்குள்ள போறது நல்லதில்லை.

பனை ஓலை கிடைக்காத ஊர்னா தென்னங்கீற்றை வச்சுப் பழகலாம். ஈர்க்கை உருவிட்டா பட்டை தயார். பனைதான் வேணும்னா, நுங்கு சீசன்ல ரோட்டோரம் நுங்கு வெட்டிக்கிட்டு இருக்கிறவர்கிட்டயே கேட்டுப் பாருங்க. "அண்ணே, அடுத்த தடவை ஏறும்போது பிள்ளைக்கு ஒரு குருத்து இறக்கிட்டு வாங்க"ன்னா கொண்டு வருவார். காசு கேட்டா பேரம் பேசாம கொடுத்துடுங்க. அவர் பேரையும் கேட்டு வச்சுக்கோங்க.