போலிச் சரக்குக்கு யார் பொறுப்பு? இணையச் சந்தைச் சட்டமும் விழுப்புரம் மாவட்ட நுகர்வோரும் (2000–2022)

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி நிலக்கடலை ரகங்களைப் பல தலைமுறை உழவர்கள் நம்பி விதைத்திருக்கிறார்கள். மக்கள் நம்பும் பெயரைத் தேடித்தான் போலியும் வரும். விதைக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டமும் பூச்சிமருந்துக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டமும் எழுந்தன. இரண்டுக்கும் உரிமம் பெற்ற கடை வேண்டும் என்பது நடைமுறையானது. மருந்து கெட்டதென்றால் பில்லை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க, திண்டிவனம் கடைத்தெருவில் ஓர் ஆள் இருந்தார். இணையச் சந்தையில் அந்த ஆள் மறைந்துவிட்டார். பணம் ஒருவரிடம் போகிறது, சரக்கு இன்னொருவரிடமிருந்து வருகிறது.

இந்த இடைவெளியைச் சட்டம் எப்படி எதிர்கொண்டது? நீதிமன்றங்களில் வாதாடியவர்கள் பெரும்பாலும் பிராண்டு உரிமையாளர்கள். ஆனால் வாங்குபவருக்கு உண்மையான பலன் நுகர்வோர் சட்டத்தின் வழியாகவே வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, தனக்குத் தெரியாமல் நடந்ததையோ உரிய கவனம் செலுத்தியதையோ நிரூபிக்கும், இணையச் சந்தை போன்ற இடைநிலை நிறுவனத்துக்குப் பாதுகாப்பு தந்தது. 2004 டிசம்பரில், ஆபாச வீடியோ ஒன்று விற்பனைக்கு வந்த வழக்கில் இணையச் சந்தையான பாஸீ.காமின் தலைமைச் செயல் அதிகாரி கைதானார். இதையடுத்து எழுந்த விவாதம் சட்டத்திருத்தத்தில் முடிந்தது. 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த புதிய 79ஆம் பிரிவு பாதுகாப்பை விரிவாக்கியது. தவறு தெரிந்த பிறகும் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ‘தெரிந்தது’ என்றால் நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ கிடைத்திருக்க வேண்டும் என்று 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

போலிச் சரக்கு பற்றிய கூர்மையான தீர்ப்பு 2018 நவம்பரில் வந்தது. காலணி நிறுவனமான கிறிஸ்டியன் லூபூட்டான் டார்வீஸ்.காம் தளத்தின் மீது தொடுத்த வழக்கு அது. தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங், இணையச் சந்தை செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டார்: கிடங்கில் வைப்பது, பொதி கட்டுவது, விளம்பரம் செய்வது, அசல் என்று உறுதி தருவது. இத்தனையும் செய்துவிட்டு வெறும் இடைநிலையாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது அவர் முடிவு. என் பார்வையில் நடைமுறையை மிக நேர்மையாகப் பார்த்த தீர்ப்பு இதுதான். ஆனால் 2020 ஜனவரியில், நேரடி விற்பனை நிறுவனமான ஆம்வே தொடுத்த வழக்கின் மேல்முறையீட்டில், செயலூக்கமுள்ள இடைநிலையாளர், செயலற்ற இடைநிலையாளர் என்ற பாகுபாட்டுக்கு 79ஆம் பிரிவில் இடமில்லை என்று அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறிவிட்டது. அந்த வழக்கின் மையம் போலிச் சரக்கு அல்ல, அனுமதியின்றி நடந்த மறுவிற்பனை. என்றாலும் அதன் நிழல் போலி வழக்குகள் மீதும் விழுந்தது.

அதே ஆண்டு ஜூலையில் வேறொரு கதவு திறந்தது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்த்தரப்பு தொழில் செய்யும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. அந்த ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்தது. திண்டிவனத்துக்காரர் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். நிறுவனத்தைத் தேடிப் பெங்களூருவுக்கு அலைய வேண்டியதில்லை. உடன் வந்த மின்வணிக விதிகள், விற்பவரின் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்றன. போலியைத் திரும்ப வாங்க மறுக்கவும் விற்பவருக்குத் தடை வந்தது. ஆனால் திரும்பத் திரும்பப் போலி விற்பவரின் பதிவை வைத்திருந்தால் போதும், அவரை வெளியேற்றுவது கட்டாயமில்லை என்று அதே விதிகள் விட்டுக்கொடுத்தன. இது பெரிய குறை.

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தர விதிக்கு உட்படாத 2,265 பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்பனையில் கட்டணம் பெற்ற நிறுவனம் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்பதே அதன் அடிப்படை. அவ்வாண்டு நவம்பரில் பூச்சிமருந்தை இணையத்தில் விற்க அனுமதி வந்தபோது, விற்பவரின் உரிமத்தைச் சரிபார்க்கும் கடமை சந்தை நிறுவனத்தின் மீதே வைக்கப்பட்டது.

விற்ற பின் நீக்குவதைவிட விற்கும் முன் சரிபார்ப்பதே உழவனைக் காக்கும். போலி விதையால் போன பட்டத்தை எந்த இழப்பீடும் திரும்பத் தராது. மருந்துக்கு வைத்த கடமையை விதைக்கும் மின்வணிக விதிகளிலேயே எழுத வேண்டும். அதுவரை வாங்குபவர்கள் பில்லையும் விற்பவர் முகவரி தெரியும் திரைப்பிடிப்பையும் பத்திரப்படுத்துங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு விழுப்புரம் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.