கழிவும் நிலமும் வகுப்பறையும்: யப்பானிய அநுபவம் பற்றிய ஒரு நோக்கு

யப்பானின் கியூஷு தீவின் மேற்குக் கரையில் மினமாட்டா என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. அதன் குடாவையொட்டிப் புற்றரையும் மரங்களும் கொண்ட பூங்காவொன்று பரந்து கிடக்கின்றது. அங்கு ஓடி விளையாடும் பிள்ளைகள், தாம் நிற்குமிடம் ஒருகாலத்திற் கடலாயிருந்தது என்பதைப் பிறர் சொன்னாலன்றி அறியார். ஏறத்தாழ 58 ஹெக்டேயர் பரப்புடைய அந்நிலத்தின் அடியில், தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்த இரசம் கலந்த சேறு அடைபட்டுள்ளது. நஞ்சேறிய மீன்களும் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு அங்கேயே புதைக்கப்பட்டன. கண்முன்னே குவிந்து நாறும் கழிவு தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். புல் மூடிய கழிவுக்கோ ஓர் ஆசிரியர் வேண்டும். இவ்வாசிரியர் யப்பானில் எவ்வாறு தோன்றினார் என்பது கல்வி வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயமாகும்.

யப்பானியருக்கு இப்பிரச்சினை புதியதன்று. அஷியோ செப்புச் சுரங்கத்தின் கழிவு 1890 இன் வெள்ளத்தோடு வத்தராசே ஆற்றுச் சமவெளியிற் படிந்து வயல்களைப் பாழாக்கியது. உருக்காலைப் புகையால் மலைச்சரிவுகள் மொட்டையாயின. பாராளுமன்ற உறுப்பினரான தனாக்கா ஷோசோ 1891 முதல் இதற்கெதிராகக் குரலெழுப்பினார். 1901 இல் பேரரசரின் வண்டியை வழிமறித்து மனுக்கொடுக்கவும் முயன்றார். அரசு கண்ட தீர்வோ யனாக்கா என்ற கிராமத்தையே இல்லாதொழித்து, அவ்விடத்தை வெள்ளநீர் தேங்கும் நிலமாக்குவதாயிருந்தது. 1907 இல் எஞ்சிய வீடுகளும் பலவந்தமாக இடிக்கப்பட்டன. இத்துணைப் பெரிய நிகழ்ச்சி அக்காலப் பாடசாலைகளுக்கு ஒரு பாடமாகவில்லை. புகைபோக்கிகள் நாட்டின் முன்னேற்றத்தின் சின்னமென்றே மாணவருக்குக் காட்டப்பட்டன.

இந்நிலை முதலில் உடைந்தது தலைநகரிலன்று, பூஜி மலையின் தென்புறத்து நுமாசு நகரிலாகும். அங்கும் அயலிலுள்ள மிஷிமா, ஷிமிசு ஆகிய இடங்களிலும் பாரிய பெற்றோலிய இரசாயனத் தொழிற்றொகுதியொன்றை நிறுவும் திட்டம் 1963 இன் இறுதியில் வெளியாயிற்று. யொக்கயிச்சி நகரில் அத்தகைய தொகுதியொன்று வெளிவிட்ட கந்தகப் புகையால் மக்கள் மூச்சுத்திணறி வருந்துவதை அவ்வூரார் அறிந்திருந்தனர். பலர் நேரிற் சென்றும் பார்த்தனர். அரசு நியமித்த நிபுணர் குழுவிடம் பணமும் கருவிகளும் இருந்தன. நுமாசுத் தொழினுட்ப உயர்தரப் பாடசாலை ஆசிரியர்களிடம் இருந்தவை மாணவரும் ஊரறிவுமே.

மே மாதத்திற் சிறுவர் தினத்தையொட்டி, பிள்ளைகளுள்ள வீடுகளிற் கெண்டை மீன் வடிவான துணிக்கொடிகளை உயர்ந்த கம்பங்களிற் பறக்கவிடுவது யப்பானிய வழக்கம். 1964 மே மாதத்தில் ஆசிரியரின் வழிகாட்டலில் நூற்றுக்கணக்கான மாணவர் தத்தம் அயலிற் பறந்த கொடிகளின் வால் எத்திசையிற் சாய்கின்றது, எவ்வளவு நிமிர்கின்றது என்பவற்றைப் பல நாட்கள் குறித்துவந்தனர். அக்குறிப்புகளை ஒரே படத்திற் சேர்த்தபோது அப்பிரதேசத்தின் காற்றோட்டம் மணிக்கு மணி புலனாயிற்று. புகை எவ்வூரின் மீது வந்து தங்கும் என்பதற்கு இனி ஊகம் தேவைப்படவில்லை. விழாக்கொடியை ஆய்வுக்கருவியாக்கிய இச்செயலின் சிறப்பு அதன் சிக்கனத்தில் மட்டுமன்று. தன் வீட்டு முற்றத்தைத் தானே அளந்த மாணவனுக்கு அவ்வளவை மறுக்க வருபவர் எத்துணைப் பெரியவராயினும் ஆதாரத்தோடுதான் மறுக்கவேண்டும் என்பதிலாகும். உள்ளூர் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இணைந்த ஆய்வுக்குழு, ஆபத்தில்லை என்ற அரச குழுவின் முடிபை மறுத்து வாதிட்டது. ஊர்தோறும் படிப்பு வட்டங்கள் கூடின. அவ்வாண்டு முடியுமுன்னரே திட்டம் கைவிடப்பட்டது.

மினமாட்டாவிற்கு இத்தகைய முன்னறிவிப்புக் கிட்டவில்லை. அங்குள்ள சிஸ்ஸோ தொழிற்சாலை 1932 முதல் அசற்றல்டிகைட்டு உற்பத்திக்கு இரசத்தை ஊக்கியாகப் பயன்படுத்தி, கழிவுநீரைக் குடாவினுட் செலுத்திற்று. சேதன இரசம் மீனிற் சேர்ந்து, மீனுண்டவரின் நரம்புகளைத் தாக்கிற்று. நோய் 1956 மே மாதத்தில் உத்தியோகபூர்வமாக இனங்காணப்பட்டது. குமமோட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1959 இல் சேதன இரசமே காரணமென்றனர். எனினும் அரசு அதனை ஏற்றது 1968 செப்ரெம்பரில், அவ்வுற்பத்தி முறை நிறுத்தப்பட்ட பின்னராகும். அறிவு இருந்தும் பயன்படாத அந்த ஒன்பது ஆண்டுகளுக்குப் பல்கலைக்கழகங்களின் மௌனமும் ஒருவகையிற் பொறுப்பாகும்.

இக்குற்றச்சாட்டை வெளிப்படையாக முன்வைத்தவர் ஊயி ஜுன். ரோக்கியோப் பல்கலைக்கழகத்தில் நகரப் பொறியியற்றுறையில் உதவியாளராயிருந்த இவர், இளமையிற் பிளாத்திக்குத் தொழிற்சாலையொன்றிற் பணியாற்றியபோது இரசக்கழிவைத் தாமே வெளியேற்றியவர். மினமாட்டாச் செய்தி அவரை அங்கு இழுத்துச் சென்றது. 1970 ஒக்ரோபரில் அப்பல்கலைக்கழகத்தின் மண்டபமொன்றிலேயே மாலைநேரத் திறந்த விரிவுரைகளைத் தொடங்கினார். பட்டமில்லை, பரீட்சையில்லை, மாணவரும் தொழிலாளரும் இல்லத்தரசிகளும் ஒருங்கே அமர்ந்தனர். இவ்விரிவுரைகள் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடைபெற்றன. அக்காலம் முழுவதும் அவர் உதவியாளர் பதவியிலேயே இருந்தார், பதவியுயர்வு கிட்டவில்லை. எந்த அறிவுக்குப் பல்கலைக்கழகம் மண்டபம் கொடுத்ததோ அவ்வறிவுக்கு அது பதவி கொடுக்கவில்லை என்பது சிந்திக்கற்பாலது.

1970 இன் இறுதியில் யப்பானியப் பாராளுமன்றம் மாசடைதல் தொடர்பாக 14 சட்டங்களை நிறைவேற்றியது. மறுவருடமே பாடவிதானமும் திருத்தப்பட்டுச் சமூகக்கல்வியில் இப்பொருள் இடம்பெற்றது. பாடநூலுள் நுழைந்ததும் பாடம் சற்றுச் சாதுவாகிவிட்டது எனலாம். நோயின் பெயரையும் ஆண்டையும் மனனஞ்செய்த மாணவன், கழிவைக் கொட்டத் தீர்மானித்தவர் யார், அதனைத் தடுக்காதிருந்தவர் யார் என்று வினவக் கற்றானா என்பது ஐயத்திற்குரியது.

குடாவின் சேற்றை அகற்றியும் மூடியும் நிலமாக்கும் வேலை 1977 முதல் 1990 வரை நடைபெற்றது. அதற்கிடையில் இன்னொரு சேதம் வளர்ந்திருந்தது. மினமாட்டாப் பிள்ளைகள் வெளியூர் சென்றால் தம் ஊரின் பெயரைச் சொல்லக் கூசினர். நோய் தொற்றும் என்ற ஏளனத்தைக் கேட்டனர். நோயுற்றோர் குடும்பங்களுக்கும் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்தோருக்குமிடையிலான பிளவு ஊருக்குள்ளேயே ஆழமாயிருந்தது. ஆதலால் அங்கு கற்பித்தல் என்பது இரசாயனத்தை விளக்குவதோடு முடியக்கூடியதன்று. 1993 இல் நகரசபை நோய்பற்றிய நூதனசாலையொன்றைத் திறந்தது. பின்னர் நோயாளரும் உறவினரும் அங்கு வரும் மாணவர்முன் தம் வாழ்க்கையைத் தாமே எடுத்துரைக்கத் தொடங்கினர். நடுங்கும் கையும் குழறும் நாவுமாகப் பேசுபவரின் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடநூலின் வரி வேறொன்றாய் ஒலிக்கும். வீட்டுக் கழிவைப் பல வகைகளாகப் பிரித்தொதுக்கும் முறையும் அதே ஆண்டில் ஆரம்பமாயிற்று. காலப்போக்கில் அவ்வகைகள் இருபதுக்கும் மேலாயின.

அஷியோவின் மொட்டை மலைகளுக்கும் இன்று மாணவர் குழுக்கள் மரக்கன்றும் மண்ணும் சுமந்து ஏறுகின்றன. நூறாண்டுக்கு முன் அழிந்த காடு அவர்களின் ஆயுளுக்குள் முழுமையாகத் திரும்புமென எவரும் கூறுவதில்லை. மினமாட்டாவிலோ காலம் மறுபுறமாக ஓடுகின்றது. கதை சொல்வோர் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைகின்றனர். புற்றரையின் கீழே சேற்றைத் தாங்கிநிற்கும் எஃகுச் சுவர்களுக்கும் வயதேறுகின்றது.