சாசனங்களுக்காக வாதாடிய துறவி

பழைய பத்திரம் பார்ப்பவர்களுக்கெல்லாம் மூத்த குரு ஒருவர் உண்டென்றால், அவர் ழான் மபியோன்தான் என்பேன். பத்திர எழுத்தராகவே காலம் கழித்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1632-இல் பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் குடியானவர் வீட்டில் பிறந்தவர். ரீம்ஸ் நகரில் பெனடிக்ட் சபைத் துறவியானார். ஓயாத தலைவலி, உடம்பு தேறட்டும் என்று மடம் மடமாக அனுப்பினார்கள். 1664-இல் பாரிஸின் சேன் ஜெர்மென் தெ பிரே மடத்துக்கு வந்து, நூலகர் லூக் தஷேரியிடம் சேர்ந்தார். அங்கே குவிந்து கிடந்த ஏடுகளோடுதான் மீதி வாழ்க்கை.

1675-இல் சேசு சபை அறிஞர் டேனியல் பாபெப்ரோக் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பிரான்சை முற்காலத்தில் ஆண்ட மெரோவிங்கிய அரசர்கள் பெயரில் உள்ள சாசனங்கள், முக்கியமாக சேன் தெனி மடத்தினுடையவை, நம்பத் தக்கவை அல்ல. பழமை கூடக்கூடச் சந்தேகமும் கூடும் என்றார். மடங்களின் நிலமும் உரிமையும் அந்தச் சாசனங்களை நம்பி நின்றன. பெனடிக்ட் சபையே கொதித்தது.

மபியோன் சண்டைக்குப் போகவில்லை. மூலச் சாசனங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாப்பிரஸா தோலா, என்ன மை, எந்தக் கால எழுத்து, முத்திரை எங்கே, தேதி எப்படிப் போட்டிருக்கிறது? மெரோவிங்கிய அரசர்கள் கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டு எண்ணவில்லை. தங்கள் ஆட்சியாண்டைத்தான் போட்டார்கள். அவர்களுக்குப் பின்வந்த சார்லமேனின் கையொப்பமோ தனி ரகம். பெயரின் எழுத்துகளைச் சிலுவை வடிவில் கோத்த அடையாளம் அது. வரைந்து வைப்பவர் எழுத்தர். நடுவில் ஒரு கோடு மட்டும் அரசர் இழுப்பார். அந்த ஒரு கோட்டில்தான் சாசனத்துக்கு உயிர்.

1681-இல் அவருடைய 'தெ ரே திப்ளொமாதிகா' என்ற நூல் வெளிவந்தது. ஆறு பாகம். பழைய எழுத்துகளைச் செப்புத் தகட்டில் அப்படியே செதுக்கி அச்சிட்டிருந்தார். பாரிஸ் வரமுடியாதவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எழுத்தை மட்டும் வைத்தோ ஒரே ஓர் அடையாளத்தை வைத்தோ தீர்ப்புச் சொல்லாதே, எல்லாவற்றையும் சேர்த்துப் பார் என்பது அவர் வகுத்த விதி. ஒரு எழுத்துப் பிழையைக் கண்டதும் பத்திரத்தையே பொய் என்று தள்ளுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இதைப் படிக்க வேண்டும். மடங்களிலும் போலிச் சாசனம் உண்டு என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தன் சபையின் சொத்து வழக்கில் இருக்கும்போது அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பாபெப்ரோக்கும் பெரிய மனிதர். புத்தகத்தைப் படித்துவிட்டு, தன் கட்சி தோற்றதென்று மபியோனுக்கே மனமுவந்து கடிதம் எழுதினார்.

அமைச்சர் கோல்பேர் உதவித்தொகை தர முன்வந்தபோது மபியோன் வேண்டாம் என்றுவிட்டார். 1685-இல் சக துறவி மிஷெல் ஜெர்மனோடு இத்தாலி போனார். அங்கே திரட்டிய ஆயிரக்கணக்கான நூல்களும் சுவடிகளும் அரச நூலகத்துக்கு வந்து சேர்ந்தன.

1703-இல் ஜெர்மோன் என்ற இன்னொரு சேசு சபையார் பழைய வழக்கைக் கிளறினார். எழுபது தாண்டிய மபியோன், மறு ஆண்டே ஓர் இணைப்பு நூல் எழுதி மேலும் சான்றுகளை அடுக்கினார். 1707 டிசம்பரில் காலமானார். அவருடைய சீடர் தியெரி ருவினார் 1709-இல் 'தெ ரே திப்ளொமாதிகா'வின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார்.