பத்தாண்டுக் கணக்கு

ஒரகடத்துக்கு அருகே ஒரு சேரியில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தோழர்களின் பி.எஃப். கணக்குகளைப் பார்க்க உட்கார்ந்தோம். 41 வயதுத் தோழர் ஒருவர்: 13 ஆண்டு உழைப்பு, ஐந்து ஒப்பந்ததாரர்கள், மூன்று யூஏஎன் எண்கள். அவர் நுழையும் கம்பெனி வாசல் மாறவே இல்லை. அடையாள அட்டையில் ஒப்பந்ததாரரின் பெயர்தான் மாறியது. மாறும்போதெல்லாம் பி.எஃப்.பையும் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டார். தங்கைக்குக் கல்யாணம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. ஓய்வூதியத்துக்கான பணிக்காலமாக இன்று மிஞ்சியிருப்பது 2 ஆண்டு 4 மாதம்.

நம் ஊர்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. 1891-ல் கலெக்டர் டிரமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். பஞ்சமி நில ஆணை 1892-ல் வந்தது. அன்று நம் முன்னோர் கடனுக்குக் கட்டுப்பட்ட படியாட்கள். கூலி தானியமாக வந்தது. கை ஓய்ந்த பிறகு அவர்களுக்கு எவரும் எதுவும் தர வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். தொழிலாளர் நிலையை ஆராய ரேகே குழு 1944-ல் அமைந்தது அவர் காலத்தில்தான். வருங்கால வைப்பு நிதிக்கான அவசரச் சட்டம் 1951 நவம்பரில் வந்து, 1952-ல் முழுச் சட்டமானது. ஆனால் யாருக்கு? சிமென்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், துணி ஆகிய ஆறு தொழில்களில், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளுக்கு. வயலில் நின்ற நம் தாத்தாக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. (50 என்பது 20 ஆகக் குறைந்தது பிற்பாடு.)

ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் சட்டம் வாய் திறக்காமல் இல்லை. 1963 திருத்தத்தில் 8ஏ பிரிவு சேர்ந்தது. ஒப்பந்ததாரரின் ஆட்களுக்காகக் கட்டிய தொகையை முதன்மை நிறுவனம் ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்கிறது அது. அதாவது அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதன்மை நிறுவனம்தான். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று 1973-ல் தண்டனைச் சட்டத்திலும் எழுதினார்கள். "கான்ட்ராக்டரைப் போய்க் கேள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் மனிதவள அதிகாரிகள் இதைப் படித்திருக்க மாட்டார்களா என்ன?

1995 நவம்பர் 16-ல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. இங்கேதான் சிக்கல். மாத ஓய்வூதியம் வேண்டுமானால் 10 ஆண்டு பணி வேண்டும். ஒன்பதரை ஆண்டு இருந்தால் பத்தாக எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பம், 2014 நவம்பர் 1-ல் நிறுத்தம். ஒன்பது ஆண்டுகூட முழுதாக இல்லை. முதல் நாளே சேர்ந்து கடைசி நாள்வரை நின்ற நிரந்தரத் தொழிலாளிக்கும் அந்த ஒரு வேலையைக் கொண்டு ஓய்வூதியம் கிடைக்காது. ஒப்பந்தத்தில் வந்து போனவர்களின் கதையைக் கேட்கவே வேண்டாம். வரிச்சலுகை, நிலம், மின்சாரம் என்று கம்பெனிக்குக் கொடுத்ததை அரசு வரிவரியாக எழுதி வைத்திருந்தது. அங்கே வேலைக்குப் போன பிள்ளைகளின் முதுமை எந்த ஒப்பந்தத்தில் இருந்தது?

பத்தாண்டு நிறைந்தாலும் பெரிய தொகை இல்லைதான். உச்சவரம்பான 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு, 58 வயதில் மாதம் சுமார் 2,142 ரூபாய். ஆனாலும் அது சாகும்வரை வரும், பிறகு துணைக்கும் வரும். வேலை மாறும்போது 10சி படிவத்தில் பணத்தைக் கேட்காமல் திட்டச் சான்றிதழைக் கேட்டால் பழைய ஆண்டுகள் அழியாது. அடுத்த வேலையோடு சேர்ந்துகொள்ளும். இதை அந்தச் சேரியில் ஒருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. எடுத்தவர்களைக் குறை சொல்லவும் மாட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரிடம் 58 வயதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

அந்தத் தோழரின் மூன்று எண்களையும் ஒன்றாக்க அன்றே விண்ணப்பித்தோம். இரண்டு சரியாகிவிட்டன. மூன்றாவதில், பழைய ஒப்பந்ததாரர் அவர் விலகிய தேதியைப் பதியவே இல்லை. விசாரிக்கப் போனோம். அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை.