கீர்த்தனையும் ஒரு காலத்தில் புது சத்தம்தான்

கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சபைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு சண்டை உண்டு. பெரியவங்களுக்குக் கீர்த்தனை வேணும். இளவட்டங்களுக்கு கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு வேணும். "இது ஆராதனையா, கச்சேரியா?" என்று ஒரு தரப்பு. "உங்க பாட்டு எங்களுக்கு ஒட்டவே மாட்டேங்குதுங்க" என்று இன்னொரு தரப்பு. போன வாரம் ம்யூட்மேத் குழுவின் முதல் ஆல்பத்தை மறுபடி கேட்டபோது இந்தச் சண்டைதான் ஞாபகம் வந்தது.

ம்யூட்மேத் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் குழு. பாடகர் பால் மீனி, அதற்கு முன் எர்த்சூட் என்ற கிறிஸ்தவ ராக் குழுவில் இருந்தவர். 2004இல் வந்த 'ரீசெட்' என்ற சிறு தொகுப்பு கிறிஸ்தவ இசைச் சந்தையில் விற்கப்பட்டது. எங்களை அந்த ஒரு அலமாரியில் மட்டும் அடுக்காதீங்க என்று குழு, நிறுவனத்தின் மீது வழக்கே போட்டது. முழு ஆல்பத்தை 2006 ஜனவரியில் சொந்தமாக வெளியிட்டு, கச்சேரி நடந்த இடங்களிலேயே விற்றார்கள். செப்டம்பரில் வார்னர் அதை மறுபடி வெளியிட்டது.

எனக்கு அதில் பிடித்தது, இயந்திரமும் மனுசக் கையும் மோதிக்கொள்ளும் இடம். டேரன் கிங், ஹெட்போனைத் தலையோடு சேர்த்து டேப் ஒட்டிக்கொண்டு டிரம்ஸ் அடிப்பவர். அடி துல்லியமாக விழும், ஆனா வேர்வை தெரியும். அதன்மேல் மீனியின் சின்தசைசர் அலை அலையாக வரும். 'யூ ஆர் மைன்' பாட்டு காதலிக்கா, கடவுளுக்கா? ஆழ்வார்களின் நாயகி பாவம் தெரிந்த தமிழ்க் காதுக்கு இதில் குழப்பமே இல்லை.

சரி, 'எது கிறிஸ்தவ இசை?' என்ற கேள்வி அமெரிக்காவில் பிறந்ததா? இல்லை. நம்ம தஞ்சாவூரில் 1820களிலேயே அடிதடி.

வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்து, ஸ்வார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூரில் வளர்க்கப்பட்டவர். ராகம் தாளத்தோடு கிறிஸ்துவைப் பாடினார். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். பின்னால் வந்த புது மிஷனரிகள் ஆராதனையிலிருந்து இந்தத் தமிழ்ப் பாட்டுகளை ஒதுக்கப் பார்த்தார்கள். சாஸ்திரியார் விடவில்லை, எதிர்த்து எழுதினார். லண்டன் மிஷனின் ஆடிஸ் ஐயர் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தது 1830இல். அதாவது, கொங்கு நாட்டில் அந்த மிஷன் வேர் விட்ட காலத்தில், கீர்த்தனை இன்னும் வம்பில் கிடந்த சரக்கு! 1853இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் ஞானப்பாடல் தொகுப்பை அச்சிட்டார். அப்புறம் மெதுவாக அதுவே 'நம்ம பாரம்பரியம்' ஆகிவிட்டது.

கதை இதோடு முடிந்தால் இளவட்டங்கள் கட்சி ஜெயித்துவிடும். முடியவில்லை. பாட்டுக்காக வாதாடிய அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேற்றுமையை விடச் சொன்னதையும் எதிர்த்தார். இரண்டும் ஒரே மனக்குறையின் பகுதிகள். இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவது நியாயமில்லை.

இந்த முடிச்சில் கை வைத்தவர் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005). பலருக்கு 'பரட்டை' அண்ணன். கர்நாடக இசை மேல்சாதியோடு ஒட்டியது; மேற்கத்திய இசைக்குக் காசும் படிப்பும் வேணும்; நாட்டுப்புறப் பாட்டை மட்டும் கூலிக்காரரும் எடுத்து, மாத்தி, தன் பாட்டாகப் பாடலாம் என்றார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் அவருடைய இறையியலுக்கு நடு. ஆராதனையையே நாட்டுப்புற மெட்டில் அமைத்தார்.

அப்பாவு கேட்டது பழசா புதுசா என்றில்லை. இந்தப் பாட்டை யாரெல்லாம் பாட முடியும் என்றுதான். அந்தக் கேள்வியை ம்யூட்மேத்திடம் வைத்தால் அது தோற்கும். அந்த அடியையும் அலையையும் ஒரு சபை சேர்ந்து பாட முடியாது. காதுக்கான ஆல்பம் அது. அவங்களும் ஆராதனைப் பாட்டு என்று சொல்லிக்கொள்ளவில்லையே. ஆனா கீர்த்தனைக்கும் கீபோர்டுக்கும் இடையில் சண்டை போடும் நம்ம சபைகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகணும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு வாய் திறக்க இடம் இருக்கா?